ஃபேக் புரோட்டீன எடுத்துட்டா செல் இன்னும் இறுக்கமா ஒட்டுது, ஏன்?

செல்கல்ச்சர்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பயோடெக் ரெண்டாவது வருஷம், ப்ராஜெக்ட் ஓடிட்டு இருக்கு. டாபிக் ஃபோக்கல் அடீஷன் கைனேஸ், அதாவது செல் தரையோட ஒட்டுற புள்ளில (ஃபோக்கல் அடீஷன்) உக்காந்து மத்த புரோட்டீன்ல பாஸ்பேட் மாட்டிவிடுற என்சைம் (கைனேஸ்), சுருக்கமா ஃபேக் (போலின்னு அர்த்தம் இல்ல, எங்க அம்மாவே அப்படித்தான் நெனச்சாங்க). எம்டிஏ-எம்பி-231 மார்பகப் புற்றுநோய் செல்லுல எஸ்ஐஆர்என்ஏ (ஒரு புரோட்டீன் உருவாகாம தடுக்கிற குட்டி ஆர்என்ஏ) போட்டு ஃபேக்க குறைக்கிறேன். 72 மணி நேரம் கழிச்சு வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன் அளவ பேண்டா காட்டுற டெஸ்ட்) பாத்தா புரோட்டீன் நல்லாவே கொறஞ்சிருக்கு. தட்டுல இருக்கிற செல் படலத்துல ஸ்க்ராட்ச் போட்டு பாத்தா கீறல் மூட ரொம்ப லேட் ஆகுது, இது வரைக்கும் எதிர்பார்த்ததுதான்.

கொழப்பம் என்னன்னா, ஒட்டுற புள்ளில இருக்கிற பாக்ஸிலின் புரோட்டீன ஸ்டெயின் பண்ணி மைக்ராஸ்கோப்ல பாத்தா ஒட்டுற புள்ளிங்க கொறையல, கூடியிருக்கு! அதுவும் செல்லோட ஓரம் பூரா குண்டு குண்டா உக்காந்திருக்கு. நான் இவ்ளோ நாளா ஃபேக்னா செல்ல தரையோட ஒட்டவைக்கிற புரோட்டீன், அத எடுத்தா செல் பிச்சுக்கிட்டு வந்துடும்னு நெனச்சிட்டு இருந்தேன், செமினார்லயும் அப்படித்தான் சொல்லி வச்சிட்டேன். இப்போ கைடு இந்த படத்த பாத்துட்டு "ஸ்லைட மாத்தி வச்சிட்டியா"ன்னு கேக்குறார். மாத்தல, மூணு தடவ பண்ணிட்டேன். இது சரியா, இல்ல நான் எங்கயோ சொதப்புறேனா? இன்னொன்னு, பாஸ்போ டைரோசின் 397 (ஃபேக்கோட 397வது அமினோ அமிலத்துல பாஸ்பேட் ஏறினது, ஃபேக் ஆன்ல இருக்குன்னு காட்டும்) பேண்ட் வரவே மாட்டேங்குது, கன்ட்ரோல்லயும் வரல. யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ், அடுத்த வாரம் ரிவ்யூ.

குழாய்த்தண்ணி_குமார்:
ஆன்டிபாடி லாட் சரியில்லையோ என்னவோ. எனக்கு ஒரு தடவ அப்படி ஆச்சு.

பிப்பெட்மாமா:
செல்வி, மொதல்ல ஒரு நல்ல சேதி, உங்க படம் சரி, செமினார்ல சொன்னதுதான் தப்பு. வருத்தப்படாதீங்க, இதே தப்ப நானும் பண்ணியிருக்கேன், பேர்லயே "அடீஷன்"னு வச்சிருக்கும்போது யாருக்குத்தான் அப்படி தோணாது.

1995ல டஸ்கோ இலிச் குரூப் நேச்சர்ல போட்ட பேப்பர் இருக்கு, தலைப்புலயே விஷயம் முடிஞ்சிடும், ஃபேக் இல்லாத எலிக் கருவுல இருந்து எடுத்த செல்லுங்க மெதுவா நகருது, ஆனா ஃபோக்கல் அடீஷன் அதிகமா இருக்கு. அந்த எலிக் கருவே எட்டரை நாள் வாக்குல செத்துடுது, எலிக்கு கர்ப்பகாலமே ஏறக்குறைய இருபது நாள்தான்னு வச்சுக்கோங்க, அவ்ளோ சீக்கிரம் இதோட தேவை வந்துடுது. கருவுல செல்லுங்க எடம் விட்டு எடம் போய்த்தான் ஒடம்பு உருவாகணும், அங்கயே சிக்கிடுது.

அப்போ ஒட்டுறது யாரு? இன்டெக்ரின். அது செல் சவ்வுக்குள்ள குத்தி நிக்குது, வெளிய ஃபைப்ரோநெக்டினயோ கொலாஜனையோ புடிச்சிருக்கும், உள்ள டாலின்ங்கிற புரோட்டீன் வழியா, செல்லோட எலும்புக்கூடு மாதிரி இருக்கிற ஆக்டின் கயிறுல கட்டியிருக்கும். ஃபேக் இல்லாமலே இந்த கட்டு நிக்கும். ஃபேக் அங்க வந்து உக்காந்து "இங்க கால் வச்சாச்சு"ன்னு உள்ள சேதி அனுப்புற ஆள், பழைய கட்ட எப்ப அவுக்கணும்னு ஏற்பாடு பண்றதும் அதே ஆள்தான். அத எடுத்துட்டா அவுக்க ஆளில்ல, செல்லுக்கு உடும்புப்பிடி. புது கால் வைக்குது, பழைய கால எடுக்க மாட்டேங்குது, அங்கயே நிக்குது. உங்க ஸ்லைட்ல ஓரத்துல குண்டு குண்டா இருக்கிறது அதான்.

உள்ளுக்குள்ள நடக்கிறத கொஞ்சம் விரிவா சொல்றேன், ரிவ்யூல கேப்பாங்க. ஃபேக் 125 கிலோடால்டன் கிட்ட, மூணு பெரிய பகுதி, முன்னாடி ஃபெர்ம், நடுவுல கைனேஸ், கடைசில ஃபேட். ஃபேட் பகுதிதான் பாக்ஸிலினயும் டாலினயும் புடிச்சு அதை அடீஷன்ல கொண்டு வந்து நிறுத்தும். சும்மா இருக்கும்போது ஃபெர்ம் பகுதி கைனேஸ் மேல மடங்கி படுத்து வேலை செய்ய விடாம பாத்துக்கும். இன்டெக்ரின் கூட்டமா சேர்ந்ததும் அந்த மடிப்பு விரியும், ஃபேக் தன்னோட டைரோசின் 397ல பாஸ்பேட் போட்டுக்கும். அந்த பாஸ்பேட் ஒரு கொக்கி மாதிரி, அதுல சார்க் கைனேஸ் வந்து மாட்டும். மாட்டின சார்க் திரும்ப ஃபேக்கோட 576, 577ல பாஸ்பேட் போட்டு அத முழு வேகத்துல ஓடவிடும். அப்புறம் ரெண்டும் ஜோடியா போய் பாக்ஸிலின், பி130காஸ்னு கைல கெடைக்கிறவங்களுக்கெல்லாம் பாஸ்பேட் போடும். காஸ் வழியா கிர்க், டாக்180, அதுல இருந்து ராக்னு சேதி கைமாறி போய் முன்பக்கம் செல் சவ்வ தள்ளும். பி190ரோகேப் வழியா, ஆக்டின் கயிற இறுக்குற ரோங்கிற புரோட்டீன அடக்கும். ஃபேக் இல்லைன்னா ரோ அடங்காது, ரோ அடங்கலைன்னா ஆக்டின் கயிறு தடிச்சு இறுகிக்கிட்டே இருக்கும், அடீஷனும் முத்திப்போய் அவிழாது. கல்பெய்ன்னு ஒரு புரோட்டியேஸ் டாலின வெட்டுறதும் கட்டு அவிழ ஒரு வழி. மைக்ரோட்யூப்யூல்னு செல்லுக்குள்ள இருக்கிற குழாய் வந்து தொட்டதும் டைனமின்ங்கிற புரோட்டீன் இன்டெக்ரின உள்ள இழுத்துக்கிறதும் இருக்கு, அதுலயும் ஃபேக்குக்கு பங்கு உண்டு.

இந்த சார்க் யாருன்னு தெரியும்ல? 1911ல பெய்டன் ரவுஸ் கோழிக்கட்டிய அரைச்சு வடிகட்டி வேற கோழிக்கு ஊசி போட்டு கட்டி வரவச்சாரே, அந்த வைரஸோட ஜீன். அது கோழியோட சொந்த ஜீனுல இருந்து வைரஸ் திருடினதுன்னு 1976ல பிஷப், வார்மஸ் குரூப் காட்டினாங்க. ரவுஸுக்கு நோபல் 1966ல, இவங்களுக்கு 1989ல. ஃபேக்க கண்டுபுடிச்சதும் அந்த கோழி வழியாத்தான், சார்க் போட்டு மாத்தின கோழி செல்லுல எந்தெந்த புரோட்டீன்ல டைரோசின் பாஸ்பேட் ஏறுதுன்னு தேடும்போது சிக்கினதுல ஒண்ணு, 1992ல பேர் வச்சாங்க.

பாஸ்போ பேண்ட் வராததுக்கு வேலு வருவார், அது அவர் ஏரியா.

பனங்காடு_பாண்டி:
நான் பயாலஜி இல்ல, ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி எடுக்கிறேன், இந்த தலைப்ப பாத்து உள்ள வந்தேன். மாமா சொன்ன உடும்புப்பிடி புரிஞ்சுது. எங்க தாத்தா உடன்குடி பக்கம் பனையேறி. சின்ன வயசுல பாத்திருக்கேன், கால்ல தளைநார் போட்டு மரத்த அணைச்சு புடிப்பார், கைய மேல கொண்டு போவார், அப்புறம் கால் பிடிய தளர்த்தி மடக்கி மேல இழுப்பார், திரும்ப இறுக்குவார். புதுசா கத்துக்கிறவன் பயத்துல மரத்த கட்டிப்புடிச்சிட்டே பாதில நின்னுடுவான், ஏறவும் முடியாது எறங்கவும் முடியாது. "புடிக்கத் தெரிஞ்சா போதாதுடே, எப்ப விடணும்னு தெரியணும்"னு தாத்தா கத்துவார். உங்க ஃபேக் இல்லாத செல் அந்த பயந்தவன்தானே?

ஒரு சந்தேகம். சாதா செல்லும்தான் ஃபேக் வச்சிருக்கு, காயம் ஆறும்போது நகருதுதானே. அப்போ கேன்சர்ல மட்டும் என்ன தனியா?

அனாய்கிஸ்_அனு:
பாண்டி சார் தாத்தா சொன்னத என் தீசிஸ் மொத பக்கத்துல போட்டிருக்கலாம், மிஸ் பண்ணிட்டேன் 😄

உங்க கேள்விக்கு வரேன். ஃபேக் ஜீன் பேரு பிடிகே2, எட்டாவது குரோமோசோம்ல நீள கை நுனில, 8க்யூ24ல இருக்கு. அதே 8க்யூ24லதான் மிக்-னு பெயர்போன கேன்சர் ஜீனும் இருக்கு. நெறைய கட்டிகள்ல அந்த துண்டு மொத்தமா காப்பி காப்பியா பெருகும்போது ஃபேக்கும் கூடவே ஏறிடும். ராஸ்ங்கிற இன்னொரு கேன்சர் ஜீன் மாதிரி ஒரு எழுத்து மாறி கெட்டுப்போற கேஸ் இதுல அபூர்வம். புரோட்டீன் நல்ல புரோட்டீன்தான், அளவு ஜாஸ்தி, எப்பவும் ஆன். காயம் ஆறும்போது வேலை முடிஞ்சதும் அடங்கிடும், கட்டில அடங்காது, வித்தியாசம் அவ்ளோதான்.

ஆனா நீங்க எல்லாரும் நகர்றதையே பேசிட்டு இருக்கீங்க. எனக்கு முக்கியமா படறது ஒட்டுறதுக்கும் உயிரோட இருக்கிறதுக்கும் உள்ள தொடர்பு. நம்ம ஒடம்புல சாதாரண எபிதீலியல் செல்ல தரைல இருந்து பிச்சு எடுத்து தண்ணில மிதக்க விட்டா அது தானா செத்துடும். 1994ல ஃபிரிஷும் ஃபிரான்சிஸும் இதுக்கு அனாய்கிஸ்னு பேர் வச்சாங்க, கிரேக்க வார்த்தை, வீடில்லாத நெலமைன்னு அர்த்தம். (என் ஐடி பேர் அதான், யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல.) யோசிச்சு பாத்தா அருமையான பாதுகாப்பு அது, குடல்ல இருந்து கழண்ட செல் ரத்தத்துல ஏறி ஈரல்ல போய் குடித்தனம் பண்ணக்கூடாதுல்ல. "தரைல கால் இருக்கு, சாகாத"ன்னு சொல்ற சிக்னல்ல ஒண்ணு ஃபேக் வழியா வருது. டைரோசின் 397 கொக்கில பிஐ3 கைனேஸும் மாட்டும், அதுல இருந்து ஏகேடி, அது செல்ல சாகவிடாது. ஃபேக்க எப்பவும் ஆன்ல இருக்கிற மாதிரி மாத்தி வச்சா மிதக்கவிட்டாலும் சாகலைன்னு 1996லயே காட்டிட்டாங்க. கட்டி செல்லுல ஃபேக் ஏறி இருந்தா, தரைய விட்டு பிரிஞ்ச பிறகும் கால் ஊனி இருக்கேன்னு தனக்குத்தானே பொய் சொல்லிக்கிட்டு பொழைக்கும். அந்த வகைல ஃபேக்ங்கிற பேர் பொருத்தம்தான்!

வளர்ச்சி பக்கம், சார்க் 925வது டைரோசின்ல பாஸ்பேட் போட்டா அங்க கிரப்2 வந்து மாட்டும், அப்புறம் ராஸ், எர்க், சைக்ளின் டி1னு எல்லாருக்கும் தெரிஞ்ச ரோடு. இன்னொரு ரூட் இருக்கு, அடீஷன்ல வேலை இல்லாதப்போ ஃபேக் நியூக்ளியஸுக்குள்ள போய், தன்னோட ஃபெர்ம் பகுதியால கட்டிய தடுக்கிற பி53யயும் அத அழிக்க வைக்கிற எம்டிஎம்2வையும் சேத்து வச்சு பி53ய அழிக்க விட்டுடும். இதுக்கு கைனேஸ் வேலையே தேவையில்ல. ஃபேக் இல்லாத எலி செல்ல லேப்ல வளர்க்கணும்னா பெரும்பாலும் பி53யயும் எடுத்துட்டுதான் வளர்க்க வேண்டியிருக்கு, இல்லைன்னா பெருகவே மாட்டேங்குது, காரணம் இப்போ புரியுதா? செல்வி, உங்க 231 செல்லுல பி53 ஏற்கனவே கெட்டுப்போனது (280வது அமினோ அமிலம் மாறினது), அதனால இந்த ரூட்ட அதுல பாக்க முடியாது, ரிவ்யூல யாராச்சும் கேட்டா முழிக்காம இத சொல்லுங்க.

சித்தர்வழி_சிவா:
இவ்ளோ எதுக்கு, மஞ்சள்ல இருக்கிற குர்குமின் ஃபேக்க அடக்கும்னு ஆராய்ச்சி இருக்கு. நம்ம முன்னோர்கள் எப்பவோ குழம்புல போட்டுட்டாங்க.

அனாய்கிஸ்_அனு:
சிவா, டிஷ்ல செல் மேல ஊத்தினா குர்குமின் அம்பது புரோட்டீன அடக்கும், ஃபேக்கும் அதுல ஒண்ணு, மறுக்கல. வாய் வழியா சாப்பிட்டா ரத்தத்துக்கு போறது துளியூண்டு, போனதையும் ஈரல் மாத்திடும். டிஷ்ல ஊத்துற அளவு குழம்பு சாப்பிட்டு வராது. குழம்பு குழம்பாவே இருக்கட்டுமே.

வெஸ்டர்ன்பிளாட்_வேலு:
லேட்டா வந்துட்டேன், ஜெல் ஓடிட்டு இருந்துச்சு. செல்வி, 397 பேண்ட் வராததுக்கு நான் பந்தயம் கட்டுறேன், செல்ல ஒடைக்கிற லைசிஸ் பஃபர்ல வனடேட் (பாஸ்பேட் கழண்டு போகாம காக்கிற உப்பு) போடல, இல்ல போட்டது செத்த வனடேட். சோடியம் ஆர்த்தோவனடேட்ட அப்படியே கரைச்சு ஊத்தினா பாதி வேலை செய்யாது, பிஹெச் 10க்கு கொண்டு வந்து கொதிக்க வச்சு மஞ்சள் நிறம் போற வரைக்கும் திரும்பத் திரும்ப பண்ணணும். அதே பஃபர்ல ஈடிடிஏவும் டிடிடியும் கொட்டி வச்சிருந்தா அது வனடேட்ட காலி பண்ணிடும். அப்புறம் பிளாக்கிங்குக்கு பால் பவுடர் போடுறீங்களா? பால்ல கேசின் இருக்கு, அதுவே பாஸ்பேட் ஏறின புரோட்டீன், பாஸ்போ ஆன்டிபாடிக்கு பிஎஸ்ஏ (மாட்டு ரத்த அல்புமின்) போடுங்க. முக்கியமா செல்ல டிரிப்சின் (தட்டுல இருந்து கழட்டுற என்சைம்) போட்டு எடுத்து லைஸ் பண்றீங்களா, அப்படின்னா சுத்தமா போச்சு, தரைய விட்டு எடுத்த கொஞ்ச நேரத்துலயே 397 எறங்கிடும். தட்டுலயே பனிக்கட்டி மேல வச்சு சுரண்டி எடுங்க.

கன்ட்ரோல் வேணும்னா, மிதக்க விட்ட செல் ஒண்ணு, ஃபைப்ரோநெக்டின் பூசின தட்டுல அரை மணி நேரம் உக்கார வச்சது ஒண்ணு, பாலிலைசின் பூசினதுல உக்கார வச்சது ஒண்ணு. பாலிலைசின்ல செல் ஒட்டும், ஆனா சார்ஜால ஒட்டுது, இன்டெக்ரின் வேலை செய்யல, ஃபேக் ஏறாது. இந்த மூணு லேன் காட்டினா கைடு வாய மூடிப்பார். (மரியாதையா சொல்றேன்.)

ஸ்க்ராட்ச்ல ஒரு ஓட்டை இருக்கு. கீறல் மூடினது செல் நகர்ந்ததாலயா பெருகினதாலயா? மைட்டோமைசின் போட்டு பெருக்கத்த நிறுத்தினீங்களா? இல்லைன்னா ரெண்டும் கலந்துடும்.

மாமா சொன்னதுல ஒரு இடத்துல எனக்கு ஒத்துவரல. எல்லாமே கைனேஸ் வேலைங்கிற மாதிரி எழுதிட்டார். ஃபேக் பாதி கைனேஸ், பாதி ஸ்டாண்டு, மத்தவங்க வந்து மாட்டிக்கிற ஸ்டாண்டு. பிஎஃப்-573228னு கைனேஸ மட்டும் அடக்குற மருந்த 2007ல செல்லுல போட்டு பாத்தாங்க, நகர்றதும் அடீஷன் அவிழ்றதும் கொறஞ்சுது, ஆனா செல் பெருகுறது நிக்கல, சாகவும் இல்ல. எஸ்ஐஆர்என்ஏ போட்டு புரோட்டீனயே எடுத்தா கதை வேற. செல்வி, நீங்க பண்றது ஸ்டாண்டயே பிடுங்குறது, மருந்து பண்றது ஸ்டாண்டுல இருக்கிற மோட்டார நிறுத்துறது. தீசிஸ்ல ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதிடாதீங்க.

பிப்பெட்மாமா:
வேலு சொன்னது சரி, ஒத்துக்கிறேன். இன்னொரு சிக்கலையும் நானே சொல்லிடுறேன், ராஸ் ஓடுற சில செல்லுல எர்க் வழியா பிடிபி-பெஸ்ட்ங்கிற என்சைம் வந்து 397 பாஸ்பேட்ட கழட்டுது, அப்போ நகர்றது கொறையாம கூடுது. 231லயும் கேராஸ் (ராஸ்ல ஒரு வகை) மாறினதுதான். அதனால "ஃபேக் ஆன் ஆனா ஓடும், ஆஃப் ஆனா நிக்கும்"னு ஸ்விட்ச் மாதிரி எழுதாதீங்க. பாண்டி தாத்தா கணக்குதான், புடிக்கவும் விடவும் மாறி மாறி நடக்கணும், ரெண்டு பக்கமும் எங்க மாட்டினாலும் செல் நிக்கும்.

மலைக்கோட்டை_ரவி:
மன்னிக்கணும், நான் லேப் ஆள் இல்ல. எங்க அக்காவுக்கு ஓவரில கேன்சர், ரெண்டாவது தடவ வந்திருக்கு. ஃபேக்க அடக்குற மாத்திரை அமெரிக்கால வந்துடுச்சுன்னு நெட்ல படிச்சேன். நீங்கல்லாம் பேசுறது அதே ஃபேக்தானா? அது அக்காவுக்கு ஆகுமா?

அனாய்கிஸ்_அனு:
ரவி அண்ணா, மன்னிப்பெல்லாம் எதுக்கு. அதே ஃபேக்தான். மாத்திரை பேர் டெஃபாக்டினிப். தனியா இல்ல, அவுடோமெடினிப்னு இன்னொரு மருந்தோட சேர்த்து 2025 மே மாசம் அமெரிக்க எஃப்டிஏ அனுமதி குடுத்துச்சு. ஆனா எல்லா ஓவரி கேன்சருக்கும் இல்ல. லோ கிரேட் சீரஸ்னு ஒரு வகை, அதுலயும் கேராஸ் ஜீன் மாறியிருக்கணும், ஏற்கனவே ஒரு சிகிச்சை எடுத்து திரும்ப வந்திருக்கணும். ஓவரி கேன்சர்ல பெரும்பாலானது ஹை கிரேட் சீரஸ், லோ கிரேட் கொஞ்ச பேருக்குத்தான். அந்த ட்ரையல்ல கேராஸ் மாறின 57 பேர்ல 44 சதவீதம் பேருக்கு கட்டி சுருங்குச்சு, அதை வச்சு குடுத்த துரித அனுமதி அது.

நீங்க செய்ய வேண்டியது, பயாப்ஸி ரிப்போர்ட்ல என்ன வகைன்னு எழுதியிருக்குன்னு பாருங்க, ஹை கிரேடா லோ கிரேடான்னு, ஜீன் டெஸ்ட் எடுத்திருக்கான்னு பாருங்க, அந்த ரெண்டு தாளையும் எடுத்துட்டு போய் ஆன்காலஜி டாக்டர்கிட்ட நேரா கேளுங்க. ரிப்போர்ட்ட இங்க போட வேணாம். அக்காவுக்கு எங்க எல்லார் சார்பாவும் விசாரிப்பு சொல்லுங்க.

வெஸ்டர்ன்பிளாட்_வேலு:
ரவி அண்ணனுக்காக ஒண்ணு சேத்துடுறேன், ரெண்டு மருந்து ஏன்னு. அவுடோமெடினிப் ராஃப்-மெக் ரோட்ட அடைக்குது. அந்த ரோட்ட அடைச்சா செல் சும்மா இருக்காது, ஃபேக்க ஏத்திவிட்டு வேற வழில பொழைச்சுக்கும். அதான் பின்வாசலையும் சேத்து பூட்டுறாங்க. டெஃபாக்டினிப்ப தனியா குடுத்து பாத்த கதை ஏற்கனவே இருக்கு, மீசோதீலியோமாவுல பெரிய ட்ரையல், பலன் தெரியலைன்னு 2015ல நிறுத்திட்டாங்க. அப்ப ஃபேக் மருந்து அவ்ளோதான்னு பேசினவங்கல்ல நானும் ஒருத்தன், பத்து வருஷத்துல வேற கூட்டாளியோட திரும்ப வந்து நிக்குது.

மலைக்கோட்டை_ரவி:
ரொம்ப நன்றிம்மா. ரிப்போர்ட் பாத்தேன், ஹை கிரேட்னுதான் போட்டிருக்கு. ஜீன் டெஸ்ட் எதுவும் இல்ல. வியாழக்கிழமை டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கேக்குறேன்.

அனாய்கிஸ்_அனு:
கண்டிப்பா கேளுங்க அண்ணா. ஹை கிரேட்ல பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் முக்கியம், அதுக்கு வேற மாத்திரைங்க இருக்கு, எடுத்தாச்சான்னு கேளுங்க.

செல்கல்ச்சர்_செல்வி:
வேலு அண்ணா, பந்தயத்துல ஜெயிச்சிட்டீங்க. எங்க வனடேட் பாட்டில்ல தேதியே இல்ல, சீனியர்கிட்ட கேட்டா அவங்களுக்கும் சீனியர் போட்டதாம். கொதிக்க வச்சு புதுசா பண்ணி, பிஎஸ்ஏ மாத்தி, தட்டுலயே சுரண்டி எடுத்தேன், 397 பேண்ட் கன்ட்ரோல்ல தடியா வந்துடுச்சு, மிதந்த செல்லுல ஒண்ணுமே இல்ல, பாலிலைசின்ல லேசா ஒரு நிழல். எஸ்ஐஆர்என்ஏ லேன் காலி.

கைடுகிட்ட 1995 பேப்பர காட்டினேன். ரொம்ப நேரம் படிச்சிட்டு "அப்போ ஸ்லைட் மாறல"ன்னார், அவ்ளோதான். செமினார் ஸ்லைட மாத்திட்டேன், பாண்டி சார் தாத்தா பனை ஏறுறத ஒரு படமா வரைஞ்சு போட்டிருக்கேன், பரவால்லயா சார்? மைட்டோமைசின் போட்டு ஸ்க்ராட்ச் நாளைக்கு ஆரம்பிக்கிறேன். எவ்ளோ நேரம் முன்னாடி போடணும், ரெண்டு மணி நேரம் போதுமா?

வெஸ்டர்ன்பிளாட்_வேலு:
ரெண்டு மணி நேரம் போதும். போட்டுட்டு நல்லா கழுவிட்டு அப்புறம் கீறுங்க. கை உறை போட்டுக்கோங்க, அது கீமோ மருந்து.

பனங்காடு_பாண்டி:
தாராளமா போடுங்க டீச்சரம்மா. தளைநார கால்ல வரையணும், இடுப்புல வரைஞ்சிடாதீங்க, தாத்தா கோவிச்சுப்பார்.